ஆடும் நாற்காலிக்கு வளைவு: ஆவியில் வளைப்பதா, பட்டை பட்டையாக ஒட்டுவதா?

வளைகோடு

வணக்கம். வீட்டுக்கு ஒரு ஆடும் நாற்காலி செய்யலாம் என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். நேர்ச் சட்டம், கால், கழுந்து (துளையில் செருகும் முனை) எல்லாம் பழகிய வேலை, அதில் பயமில்லை. வளைவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மொத்தம் மூன்று வளைவு. அடியில் தரையைத் தொடும் ஆட்டக் கட்டை, 900 மி.மீ. நீளம், 30 மி.மீ. தடிமன், ஆரம் 1050 மி.மீ. அப்புறம் முதுகின் உச்சிச் சட்டம், 20 மி.மீ. தடிமன், ஆரம் 450. மூன்றாவது கைப்பிடி, அதன் முன்பக்கம் கீழே சுருண்டு இறங்குகிறது, அங்கே ஆரம் வெறும் 100 மி.மீ.

மரம் என்று பார்த்தால் இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து வந்த பழைய தேக்கு கொஞ்சம் கிடக்கிறது. மரவாடியில் 'ஸ்டீம் பீச்' என்ற ஐரோப்பிய மரம் இருக்கிறது, ஆவியில் வளைக்க அதுதான் சரி என்று கடைக்காரர் சொல்கிறார். இருப்பது சென்னைப் பக்கம், காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மொத்த நாற்காலியையும் ஒரே முறையில் முடித்துவிட ஆசை. எது சரி?

இழைப்புளி

ஒரே முறையில் முடிக்கும் ஆசையை விடுங்கள். மூன்று வளைவுக்கும் மூன்று கணக்கு.

ஒரு கட்டையை வளைத்தால் வெளிப்பக்கம் நீள வேண்டும், உள்பக்கம் சுருங்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது தடிமனை ஆரத்தால் வகுத்தால் வந்துவிடும். உங்கள் ஆட்டக் கட்டையில் மூன்று சதவீதத்துக்குள். உச்சிச் சட்டத்தில் நாலரை. கைப்பிடியும் 20 மி.மீ. தடிமன் என்றால் அங்கே இருபது சதவீதம். ஆவியில் நன்றாக வெந்த மரம்கூட இழுத்தால் ஒன்றிரண்டு சதவீதம்தான் நீளும், அதற்கு மேல் நார் அறும். ஆனால் நசுங்க விட்டால் நல்ல மரம் கால்வாசிக்கு மேலேயே நசுங்கும். ஆவி வளைப்பில் சூட்சுமம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், மரத்தை நீள விடாமல் நசுங்க மட்டும் விடுவது.

ஆட்டக் கட்டைக்கு ஆவியே தேவையில்லை. 6 மி.மீ. பட்டையாக ஐந்து அறுத்து ஒட்டுங்கள். 1050 ஆரத்துக்கு 6 மி.மீ. பட்டை ஆவி இல்லாமலேயே கையில் வளையும். கைப்பிடியை 20 மி.மீ. கட்டையாக வளைக்கப் பார்க்க வேண்டாம், ஒன்றரை மி.மீ. வெனீரை (மெல்லிய மரத் தகட்டை) அடுக்கித்தான் அந்தச் சுருள் வரும். உச்சிச் சட்டம் ஒன்றுதான் ஆவிக்கு ஏற்றது. அதையும் ஒட்டியே முடிக்கலாம், பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

நூல்கோல்

இழைப்புளி எதையும் ஒட்டித்தான் பார்ப்பார், அது இங்கே எல்லோருக்கும் தெரியும் :)

ஒட்டு வேலையில் மரம் எவ்வளவு தூளாகப் போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். 6 மி.மீ. பட்டைக்கு 3 மி.மீ. அறுப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு தரையில். ஒரு நூல், அதாவது 3 மி.மீ. பட்டை அறுத்தால் பாதிக்குப் பாதி. பழைய தேக்கை இப்படித் தூளாக்க மனசு வருமா? அதோடு பட்டைகளின் ஓரக்கோடு பக்கவாட்டில் வரிவரியாகத் தெரியும். எத்தனை மெருகு போட்டாலும் கண் அங்கேதான் போகும்.

ஆவியில் வளைத்தால் ஒரே கட்டை, நார் வளைவோடு சேர்ந்து ஓடும், ஒட்டுக்கோடு கிடையாது. வளைத்த மர நாற்காலிக்குப் பேர் போன தச்சர் மைக்கேல் தோனெட் கதையே இதுதான். 1830களில் ஜெர்மனியின் போப்பார்டில் வெனீரைப் பசையில் வேகவைத்து அச்சில் வளைத்துத்தான் ஆரம்பித்தார். அந்தக் காலத்துப் பசை வஜ்ஜிரம், மாட்டுத் தோல், எலும்பில் காய்ச்சுவது, ஈரம் பட்டால் இளகும். அப்புறம் வியன்னாவுக்குப் போய் முழுக் கட்டையை வளைப்பதற்கு மாறி, 1856இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையைப் பிடித்து, இரண்டு முனையிலும் முட்டு வைத்துவிட்டால் மரம் நீள முடியாது, நசுங்கித்தான் ஆக வேண்டும். இழைப்புளி மேலே சொன்ன சூட்சுமம் அவருடையது. இன்றைய செக் நாட்டு மொராவியாவில் பீச் காட்டுப் பக்கத்திலேயே ஆலை போட்டு, 1859இல் 14ஆம் எண் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. 1930க்குள் ஐந்து கோடி விற்றது என்பார்கள். ஒட்டு வேலையிலிருந்து ஆவிக்குப் போனார், ஆவியிலிருந்து ஒட்டுக்கு அல்ல!

இழைப்புளி

பசை கெட்டதால் மாறினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கு அந்தப் பசை இல்லையே. 1930களில் பின்லாந்தில் கட்டிடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ திரும்ப ஒட்டு வேலைக்குத்தானே வந்தார், அவர் செய்த பைமியோ நாற்காலியின் சட்டமும் இருக்கையும் ஒட்டிய பிர்ச் மரம். அவருடைய ஸ்டூல் 60இன் காலைப் பாருங்கள், 1933. நேர்க் கட்டையின் மேல்முனையில் மட்டும் ரம்பத்தால் இடுக்கு இடுக்காக அறுத்து, இடுக்குகளில் வெனீரைப் பசையோடு செருகி, அந்த முனையை மட்டும் வளைத்திருப்பார். கால் முழுக்க முழு மரம், முழங்கை மட்டும் அடுக்கு. வளைகோடு, உங்கள் கைப்பிடிச் சுருளுக்கு இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நேர்ப்பகுதியில் தேக்கு தேக்காகவே இருக்கும், மரமும் வீணாகாது.

மரவாடி பக்கம்

'ஸ்டீம் பீச்' விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் ஸ்டீம் வளைப்பதற்கானது இல்லை. ஐரோப்பாவில் அறுவை மில்லிலேயே பலகையை ஆவியில் வைக்கிறார்கள், நிறம் ஒரே சீராக இளஞ்சிவப்பாக வரவும் உள்ளே இருக்கும் முறுக்கம் தளரவும். அதன் பிறகு சூளையில் காயவைத்து எட்டுப் பத்து சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்துதான் கப்பல் ஏற்றுவார்கள். வளைக்க இந்தச் சூளைக் காய்ச்சல்தான் எதிரி. காற்றில் காய்ந்து இருபது, இருபத்தைந்து சதவீத ஈரம் உள்ள மரம் வளைவது மாதிரி சூளையில் காய்ந்த மரம் வளையாது. சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் கொஞ்சம் சரியாகும், முழுக்கச் சரியாகாது. இருந்தாலும் பீச் பிறவியிலேயே வளைய வந்த மரம், 450 ஆரத்துக்குத் தாங்கும்.

தேக்கு சுமாராக வளையும். பொதுவாகவே நம் வெப்ப நாட்டு மரங்கள் பீச், ஆஷ், ஓக் அளவுக்கு ஆவிக்கு மசியாது. விதிவிலக்கு மல்பெரி, வடக்கே ஹாக்கி மட்டையின் கொக்கி அதில்தான் வளைத்தார்கள். நம்மூரில் பட்டுப்பூச்சிக்குச் செடியாகவே வெட்டி வெட்டி வளர்ப்பதால் பலகை எடுக்கிற கனத்தில் கிடைப்பதே அபூர்வம். எங்காவது கிணற்றடியில் மரமாக வளர்ந்தது விழுந்தால் விடாதீர்கள்.

உங்கள் உத்தரத் தேக்கு எத்தனையோ வருஷம் கூரையடியில் காய்ந்தது. அதை ஆவியில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அறுத்து ஒட்டுங்கள். அறுப்பதற்கு முன்னால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள்.

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் நேர் மரத்தை வளைப்பதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் பெரியவர்கள் வளைந்த மரத்தைத் தேடிப் போனார்கள். வள்ளத்தின் வங்குக்கு (விலாக் கட்டைக்கு) பூவரசங் கொப்பில் ஏற்கெனவே வளைந்து வளர்ந்ததைப் பார்த்து வெட்டுவார்கள். கலப்பைக்கும் அப்படித்தான். நார் வளைவோடேயே வளர்ந்திருக்கும், திரும்பி நிமிரும் என்ற கவலையே இல்லை. ஆட்டக் கட்டைக்கு அப்படி ஒரு சோடி தேடிப் பார்க்கலாமே?

மரவாடி பக்கம்

அருமையான யோசனை வடலி, ஆனால் ஒரே வளைவில் இரண்டு கொப்பு கிடைக்க வேண்டும். ஒரு தடித்த கொப்பை நடுவில் பிளந்தால் உண்டு. அப்புறம் அது காய ஒரு வருஷமாவது ஆகும்.

இந்தப் பக்கம் இன்னொரு வழியும் இருந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் வட்டையை (வெளிவளையத்தை) பாருங்கள், யாரும் வளைக்கவில்லை. துண்டு துண்டாக வளைவாகவே அறுத்து, ஆரக்காலில் கோத்து, மேலே இரும்புப் பட்டாவைக் காய்ச்சி இறுக்கினார்கள். துண்டின் முனையில் நார் குறுக்கே வெட்டுப்படும், அங்கே பலம் குறைவு, அந்தக் குறையைப் பட்டா வாங்கிக்கொள்ளும். ஆட்டக் கட்டைக்குப் பட்டா கிடையாது. அகலப் பலகையில் வளைவாக அறுத்து எடுத்த ஆட்டக் கட்டை முனையில் பிளப்பது அதனால்தான், கடைகளில் வாங்கும் மலிவு நாற்காலிகளில் நிறையப் பார்க்கலாம்.

வளைகோடு

இத்தனை பதிலுக்கு நன்றி. சரி, ஆட்டக் கட்டையும் கைப்பிடியும் தேக்கில் ஒட்டு வேலை, உச்சிச் சட்டம் மட்டும் பீச்சில் ஆவி என்று முடிவு செய்கிறேன். நிறம் ஒத்துப்போகாது, பரவாயில்லை, சாயம் ஏற்றிக்கொள்ளலாம். ஆவிப்பெட்டி எப்படிச் செய்வது? வீட்டில் பெரிய பிரஷர் குக்கர் இருக்கிறது, பி.வி.சி. குழாயும் இருக்கிறது.

நூல்கோல்

குக்கர் சரி. வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் சூடு தாங்கும் சிலிக்கான் ஹோஸ் மாட்டுங்கள். வெயிட்டோடு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், நமக்குத் தேவை அழுத்தமில்லாத ஆவி. பெட்டியும் இறுக மூடியதாக இருக்கக் கூடாது. ஒரு முனையில் ஆவி வெளியேற ஓட்டை, பெட்டி கொஞ்சம் சாய்வு, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய இன்னொரு ஓட்டை. இரண்டையும் அடைத்துவிட்டு அதிகச் சூடு வரும் என்று நினைப்பவர்கள் உண்டு, சூடு வராது, வெடிப்புதான் வரும். குக்கரில் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

பி.வி.சி. வேண்டாம். ஆவிச் சூட்டில் தொங்கிவிடும். வாட்டர்புரூப் பிளைவுட்டில் நீளப் பெட்டி செய்து திருகாணியால் முடுக்குங்கள், பசை வேண்டாம். உள்ளே குறுக்கே நாலைந்து மரக் குச்சி செருகி, அதன்மேல் கட்டையை வையுங்கள், ஆவி நாலு பக்கமும் சுற்றட்டும். கதவுப் பக்கம் ஒரு சமையல் தெர்மாமீட்டர் செருகினால் 98, 100 காட்ட வேண்டும். அங்கிருந்துதான் நேரம் எண்ண வேண்டும், அடுப்பு பற்றவைத்ததிலிருந்து அல்ல. ஒரு இஞ்ச் தடிமனுக்கு ஒரு மணி நேரம், உங்கள் 20 மி.மீ.க்கு ஐம்பது நிமிஷம் போதும். கூட வைத்தால் கூட வளையும் என்பதில்லை, அதிகம் வெந்த மரம் மொறமொறவென்று உடையும்.

வெளியே எடுத்ததிலிருந்து அச்சில் உட்காரும் வரை அரை நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். அதனால் முதலில் வேகாத கட்டையை வைத்து ஒத்திகை பாருங்கள், எந்தக் கிளாம்ப் எங்கே, யார் எதைப் பிடிப்பது என்று. இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். முழங்கை வரை கையுறை. பெட்டிக் கதவைத் திறக்கும்போது முகத்தை நேரே காட்டாதீர்கள்.

வளைக்கும்போது வெளிப்பக்கம் பிடிக்கும் பட்டைக்கு ஒன்றரை மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு. சாதா இரும்பு என்றால் ஈர மரத்தில் கருநீலக் கறை பிடிக்கும், கருவேலம் மாதிரித் துவர்ப்பு உள்ள மரத்தில் இன்னும் மோசம். அச்சைத் தேவையான வளைவை விடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துச் செய்யுங்கள், எடுத்த பிறகு கொஞ்சம் விரியும்.

பட்டறைத் தம்பி

நான் இண்டீரியர் வேலை செய்கிறவன். வளைவு கவுன்டர், ரிசப்ஷன் மேசை என்றால் ஃபிளெக்ஸி பிளை (எளிதில் வளையும் பிளைவுட்) வாங்கி வளைத்து, ஃபெவிகால் அடித்து, மேலே வெனீர் ஒட்டி முடித்துவிடுகிறோம். பட்டை ஒட்டவும் அதே ஃபெவிகால் போதாதா? இதுவரை ஒரு வேலையும் திரும்பி வந்ததில்லை.

இழைப்புளி

தம்பி, உங்கள் வேலை திரும்பி வராததற்குக் காரணம் அந்த பிளை உள்ளே இருக்கும் சட்டத்தில் ஆணியடித்து நிற்கிறது. வளைவைப் பசை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆட்டக் கட்டையில் உள்ளே சட்டம் ஒன்றும் கிடையாது. ஐந்து பட்டையும் ஒவ்வொரு நிமிஷமும் நிமிரப் பார்க்கும், தடுப்பது பசை ஒன்றுதான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி ஓரம் சரிவாக வரும். அந்த நழுவலை உறையவைப்பதுதான் பசையின் வேலை. வெள்ளைப் பசை எல்லாம், எந்தக் கம்பெனியானாலும், காய்ந்த பிறகும் கொஞ்சம் ரப்பர் குணம் உள்ளது. விடாத இழுவையில் மாதக் கணக்கில் மெல்ல நகரும், நம்மூர் வெயிலில் சீக்கிரமே நகரும். இப்படி நகர்ந்த வேலையைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கவாட்டில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்ப்பது. இழைத்து வழவழப்பாக விட்ட இடத்தில் ஒவ்வொரு பசைக் கோட்டிலும் ஒரு சின்னப் படி தட்டுப்படும். வெனீர் அளவு மெல்லியதாக இருந்தால் நிமிரும் விசை குறைவு, தப்பித்துவிடும். 6 மி.மீ. தேக்குப் பட்டையில் தப்பாது.

யூரியா ஃபார்மால்டிஹைடு பசை வாங்குங்கள், பிளைவுட் ஆலைகளில் ஓடுவது அதுதான், ஹார்டனர் கலந்து பூசுவது. கண்ணாடி மாதிரி இறுகும், நகராது. நெடி பொல்லாதது, திறந்த இடத்தில் முகமூடியோடு கலக்குங்கள். வெயில் நேரத்தில் கிண்ணத்திலேயே இறுகிவிடும், அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி வெளியில், திண்ணையில் கிடக்கப் போகிறது என்றால் எபாக்ஸி. தேக்கில் எண்ணெய் உண்டு, அதனால் பட்டையை இழைத்த அன்றே, அசிட்டோனால் துடைத்து, அது ஆறியதும் ஒட்டிவிடுங்கள். போன வாரம் இழைத்து வைத்த பட்டையில் பசை சரியாகப் பிடிக்காது.

எவ்வளவு நிமிரும் என்பதற்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. பட்டை எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, வளைவின் ஆழத்தை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 900 நீளத்துக்கு 1050 ஆரத்தில் நடுப்பள்ளம் ஏறக்குறைய 100 மி.மீ. வரும். ஐந்து பட்டை, இருபத்தைந்தால் வகுத்தால் 4 மி.மீ. அச்சில் அந்த 4 மி.மீ.யைக் கூட்டி வையுங்கள். வெனீர் சுருளில் பதின்மூன்று அடுக்கு வருமா, அங்கே நிமிர்வது கண்ணுக்கே தெரியாது.

கிளாம்ப் போதவில்லை என்றால் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டி, அச்சோடு சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். கைப்பிடிச் சுருளுக்கு எந்தக் கிளாம்பையும் விட அது நன்றாக அழுத்தும்.

வளைகோடு

பீச்சில் துண்டு எடுத்து ஆவியில் வைத்துப் பார்த்தேன். படம் இணைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் நடுவில் ஒரு சிம்பு கிளம்பி நிற்கிறது, விரலால் தூக்கினால் சாய்வாக உள்ளே வரை ஓடுகிறது. அதற்கு நேர் உள்பக்கம் தோல் சுருங்கின மாதிரி குறுக்கு வரிகள். மரம் மோசமா, ஆவி போதவில்லையா?

நூல்கோல்

இரண்டும் இல்லை. சிம்பு சாய்வாக ஓடுகிறதே, அங்கே நார் கட்டைக்கு நேராக ஓடவில்லை, பக்கவாட்டில் வெளியேறுகிறது. பலகையை மில்லில் நேராக அறுத்திருக்கிறார்கள், மரம் நேராக வளரவில்லை. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த இடத்தில்தான் பிளக்கும். பதினைந்து இஞ்ச் நீளத்துக்கு ஒரு இஞ்சுக்கு மேல் நார் விலகினால் அந்தத் துண்டை வளைக்க எடுக்காதீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்றால் அதே பலகையின் முனையில் ஒரு துண்டு வெட்டி உளி வைத்துப் பிளந்து பாருங்கள். பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் நார். முடிந்தால் அந்தப் பிளவுக்கு இணையாகவே கோடு போட்டுக் கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். கணு பக்கமே போக வேண்டாம்.

உள்பக்க வரிகளுக்குக் காரணம் முட்டு. தகட்டுப் பட்டையின் முனையில் கட்டையை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் நசுக்கம் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். ஒரு முனையில் ஆப்பு வைத்து, வளைக்க வளைக்க ஒரு நூல், அரை நூல் தளர்த்திக்கொண்டே போங்கள். சிம்பு கிளம்பப் பார்த்தால் இறுக்கம் பற்றவில்லை, உள்ளே வரி விழுந்தால் இறுக்கம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஓட்ட வேண்டும்.

வளைகோடு

நார் பார்த்து, பிளந்து, அறுத்து எடுத்த துண்டு ஒரு சிம்பு இல்லாமல் உட்கார்ந்துவிட்டது! அச்சிலேயே ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் குறுக்கே கயிறு கட்டி நிழலில் காய வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம், காயக் காய விரியும் என்றீர்கள், எனக்குக் கயிறு தொய்கிறது, வளைவு இன்னும் மூடுகிற மாதிரி இருக்கிறதே?

இழைப்புளி

அச்சிலிருந்து எடுத்ததும் விரிவது வேறு, காயும்போது மூடுவது வேறு. காயும்போது மரம் தடிமனில் சுருங்கும், நீளத்தில் சுருங்கவே சுருங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த கட்டையில் இதன் விளைவு கோணம் மூடுவதுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் திரும்பக் கொஞ்சம் திறக்கும். அதனால் முழுக்கக் காய்ந்து அசைவு நின்ற பிறகே கழுந்து வெட்டுங்கள். கயிற்றைக் கழற்றிவிட்டு, வளைவை ஒரு அட்டையில் கோடு போட்டு வைத்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒருமுறை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

வளைகோடு

புரிந்தது. கடைசியாக ஒன்று. ஆட்டக் கட்டை இரண்டும் ஒரே வளைவில் வர வேண்டுமே. ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் போதுமா? ஒன்று 4 மி.மீ., மற்றது 6 மி.மீ. நிமிர்ந்தால் நாற்காலி கோணலாக ஆடாதா?

இழைப்புளி

ஆடும். அதனால் இரண்டாக ஒட்டாதீர்கள். பட்டைகளை இரண்டு கட்டைக்கும் சேர்த்து இரட்டை அகலத்தில் எடுத்து, ஒரே கட்டையாக ஒட்டி, காய்ந்து பசை வழிந்ததைச் சீவிய பிறகு நடுவில் நீளவாட்டில் அறுத்துவிடுங்கள். எவ்வளவு நிமிர்ந்தாலும் இரண்டும் ஒரே அளவு நிமிர்ந்திருக்கும். அறுப்பு அகலமும் இழைக்கும் அளவும் சேர்த்து 10 மி.மீ. கூடுதல் வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய யூரியா பசை இழைப்புளியின் பல்லைப் பதம் பார்க்கும், முதலில் பழைய உளியால் சுரண்டிவிட்டு அப்புறம் மெஷினுக்குக் கொடுங்கள்.

பட்டறைத் தம்பி

அந்த இரட்டை அகல யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. பசையும் மாற்றிப் பார்க்கிறேன்.